கல்முனை அம்பில் நிற்க: காடி, பிசின், நரம்பு

கேள்வி இதுதான்: பாட்டில் கண்ணாடியிலும் அகேட் கல்லிலும் செதுக்கிய அம்பு முனைகள் கைவசம் இருக்கின்றன. 11/32 அங்குல மரத்தண்டில் மரப்பசை தடவி நைலான் நூலால் இறுக்கிக் கட்டியும், எய்த முதல் தடவையே ஒன்றில் தண்டு பிளந்துவிட்டது, இன்னொன்றில் முனை கழன்றுவிட்டது. சென்னையில் கிடைக்கும் பொருள்களை வைத்து உறுதியாகப் பொருத்துவது எப்படி? இன்னும் நல்ல பசை எது?

பசையை மாற்றினால் மட்டும் சரியாகாது. அம்பு மோதும் கணத்தில் கல் பின்னோக்கித் தண்டுக்குள் தள்ளப்படுகிறது. அந்த விசையை வாங்க வேண்டியது காடியின், அதாவது கல் உட்காரத் தண்டின் நுனியில் வெட்டும் பிளவின், தரை. கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள சந்துகளை நிரப்பி ஆட்டத்தை நிறுத்துவதுதான் பிசினின் வேலை. காடியின் இரண்டு காதுகளும் (இருபுறமும் நிற்கும் மரச் சுவர்கள்) விரியாமல் பிடிப்பதும், அம்பைத் திரும்ப உருவும்போது முனை இலக்கிலேயே தங்கிவிடாமல் பார்ப்பதும் கட்டின் வேலை. இதில் ஒன்று சரியில்லாவிட்டால் அதன் வேலையை மற்ற இரண்டின் தலையில் கட்ட முடியாது. கல்லின் அடி தரையில் உட்காராமல் பசையில் தொங்கிக்கொண்டிருந்தால் விலை உயர்ந்த எபாக்சி போட்டாலும் முதல் மோதலில் அது ஆப்பு மாதிரி இறங்கித் தண்டைப் பிளக்கும். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பொருத்தும் வேலைக்குள் போகுமுன் சட்டம். இங்கே வில்லால் வேட்டையாடுவது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முயல், கவுதாரி உட்பட எல்லாம் அடங்கும். 'பாரம்பரிய முறை' என்பதற்குத் தனிச் சலுகை கிடையாது. அமெரிக்காவிலேயே சில மாநிலங்கள் கல்முனையை அனுமதிக்கின்றன, சில உலோக முனைதான் வேண்டும் என்கின்றன. ஆகவே கீழே உள்ளதெல்லாம் வைக்கோல் இலக்குக்கும் தொல்லியல் சோதனைக்கும் உரியது. அதோடு, அத்திரம்பாக்கம், குடியம் போன்ற பழைய கற்கால இடங்களுக்குப் போய்ப் பழைய கல்லைப் பொறுக்கிவந்து கட்ட நினைக்காதீர்கள். சட்டப்படி தவறு என்பது ஒருபக்கம். அவை அம்பு முனைகளே அல்ல. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்ததும் கைக்கோடரிதான். தமிழ்நாட்டில் அம்புக்கு ஏற்ற அளவுள்ள கற்கள் தூத்துக்குடி, திருநெல்வேலித் தேரி மணல்மேடுகளில் கிடைத்த நுண்கற்கருவிகள். அவை பொருத்தப்படும் விதமே வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கல்லின் அடிப்பகுதி. 11/32 அங்குலம் என்றால் 8.7 மி.மீ. அதில் 4 மி.மீ. அகலக் காடி வெட்டினால் இருபுறமும் 2.3 மி.மீ. சுவர் நிற்கும். 5 மி.மீ. வெட்டினால் 1.8தான். அதற்கும் மேலே போனால் மரம் பிடிக்காது, கட்டு மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். எனவே அடி 4 மி.மீ. தடிமனுக்குள் வரும்வரை அடியிலிருந்து மேல்நோக்கி நீளச் சில்லுகள் எடுத்து மெலிதாக்குங்கள். அடிவிளிம்பு நேராகவோ சற்று உட்குழிந்தோ இருக்கலாம். வெளியே உருண்டோ கூராகவோ இருந்தால் அது ஆப்பாகிவிடும். பாட்டில் அடியில் எடுத்த கண்ணாடியில் பழைய வளைவு மிஞ்சியிருக்கும். தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் அந்த முனை தண்டில் ஒருநாளும் நேராக நிற்காது. அதை மேலும் செதுக்கிச் சிறிதாக்குவதே வழி.

கட்டு மாட்டுவதற்காகக் கல்லின் இரு ஓரத்திலும் போடும் பக்கவாட்டு வெட்டுகள் அடியிலிருந்து 7 அல்லது 8 மி.மீ. மேலே, 2 அல்லது 3 மி.மீ. ஆழத்தில் போதும். ஆழம் கூடினால் கழுத்து மெலியும். கல்முனை அதிகம் உடைவதே கழுத்தில்தான். கழுத்து 9 அல்லது 10 மி.மீ. அகலமாவது இருக்கட்டும். வெட்டுகளின் உள்விளிம்பையும் அடிவிளிம்பையும் கட்டாயம் தேய்த்து மழுக்குங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். அந்த விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், ஈரமாகக் கட்டிய நரம்பு (விலங்கின் தசைநாண்) காய்ந்து இறுகும்போது அதுவே நரம்பை அறுத்துவிடும். 120ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் அல்லது சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்க்கவும். உலர்வாகத் தேய்த்தால் சிலிக்காத் தூசி நேராக நுரையீரலுக்குப் போகும். வீட்டுக்குள் செதுக்காதீர்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் என்95 முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள், கீழே பழைய போர்வை விரித்து வேலை முடிந்ததும் அதைச் சுருட்டி எடுத்துவிடுங்கள்.

எடையைப் பற்றி ஒன்று. 40 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலமுள்ள கண்ணாடி முனை 4 கிராம் சுற்றித்தான் வரும். கடையில் வாங்கும் 125 கிரெயின் எஃகு முனை 8.1 கிராம். முன்பக்கம் எடை குறைந்தால் அதே தண்டு விறைப்பாக நடந்துகொள்ளும்; வலக்கையால் நாண் இழுப்பவருக்கு அம்பு இடப்பக்கம் ஒதுங்கும். முனை கோணலாக நிற்கிறது என்று நினைத்துக் கட்டைப் பிரிப்பதற்கு முன் இதைச் சரிபாருங்கள். ஒரு தொகுதி அம்புகளுக்குள் முனைகளின் எடை 0.3 கிராமுக்கு மேல் வேறுபட வேண்டாம். சிறிய நகைத் தராசு இருந்தால் போதும்.

அடுத்து தண்டு. இறக்குமதி சீடார் தண்டு வைத்திருந்தால் அதிலேயே காடி வெட்டலாம். மூங்கிலில் நேரடியாக வெட்ட முடியாது, உள்ளே வெற்றிடம். கல்மூங்கிலிலும் அடிப்பக்கத்துத் துண்டில்தான் ஓரளவு கெட்டி இருக்கும். மூங்கிலுக்கு முன்தண்டு வையுங்கள்: 12 செ.மீ. நீளக் கடினமரக் குச்சி, அதில் 4 செ.மீ. மூங்கிலுக்குள் போகட்டும், மூங்கிலின் வாயை வெளியே 2 செ.மீ. அகலத்துக்குக் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் வாயிலிருந்து முதல் கணு வரைக்கும் கீறல் ஓடும். சென்னையைச் சுற்றி முன்தண்டுக்கு மிகச் சுலபமாகக் கிடைப்பது சீமைக்கருவேலம்தான். கெட்டி, கனம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வெட்டி நிழலில் இரண்டு மூன்று மாதம் காயவிட வேண்டும். அதன் கனமே மேலே சொன்ன எடைக்குறைவையும் கொஞ்சம் ஈடுகட்டும். 1911இல் கலிஃபோர்னியாவில் வெளியுலகத்துக்கு வந்த யாஹி இனத்தவரான இஷி செய்த அம்புகளிலும் சிலவற்றில் கனமான மரத்தில் முன்தண்டு இருந்ததை, அவரிடம் வில்வித்தை கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப் பதிவு செய்திருக்கிறார். இதில் இன்னொரு வசதியும் உண்டு. கல் உடைந்தால் முன்தண்டை மட்டும் மாற்றினால் போதும், இறகு ஒட்டிய தண்டு தப்பிக்கும்.

காடி வெட்டும்போது தண்டின் முனையில் வருட வளையங்களின் கோடுகளைப் பாருங்கள். காடி அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே போக வேண்டும். கோட்டோடு ஒட்டி வெட்டினால் மரம் பிளக்கத் தயாராக இருக்கும் வழியிலேயே ஆப்பு வைத்த கணக்கு. வெட்டுமுன் முனையிலிருந்து 15 மி.மீ. கீழே நாலு சுற்று நூலோ டேப்போ இறுக்கிச் சுற்றிவிடுங்கள். காடியின் தரை வரவேண்டிய இடத்தில், அதாவது முனையிலிருந்து 11 மி.மீ. கீழே, 3 மி.மீ. டிரில் பிட்டால் குறுக்கே ஒரு துளை போடுங்கள். ஆக்ஸா பிளேடால் மேலிருந்து அந்தத் துளை வரை இரண்டு கோடு அறுங்கள். பிறகு தட்டை ஊசி அரத்தால் தரையைச் சமன் செய்யுங்கள்; ஆனால் இரண்டு மூலைகளிலும் அந்த வளைவு கொஞ்சம் மிஞ்சட்டும். மூலை கூராக இருந்தால் கீறல் அங்கேயே பிறக்கும்.

கல்லை வைத்துப் பார்ப்பதற்கு ஒரு சுலப வழி உண்டு. விளக்குப் புகையில் கல்லின் அடியைக் காட்டிக் கரி பிடிக்க வைத்து, காடிக்குள் மெதுவாக அழுத்தி எடுங்கள். தரையில் கரி எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் கல் தொடுகிறது. ஒரு ஓரத்தில் மட்டும் புள்ளி விழுந்தால் அந்த இடத்தை அரத்தால் தொட்டு எடுத்து மறுபடி வையுங்கள். அடியின் நீளத்தில் பாதிக்கு மேல் கரி பிடிக்கும் வரை இதைச் செய்யலாம். இதற்கு அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, மொத்த வேலையில் பலன் தருவது இந்த அரை மணி நேரம்தான். காடி பக்கவாட்டில் கல்லைக் கவ்வக் கூடாது. இருபுறமும் ஒரு தாள் நுழையும் அளவு சந்து இருந்தால் பிசின் அங்கே நிற்கும். கடைசியாக இரண்டு காதுகளின் வெளிப்புறத்தையும் 20, 25 மி.மீ. தூரத்துக்குச் சரிவாகச் சீவி உப்புத்தாள் போடுங்கள். காது தடியாக நின்றால் கல் நுழைந்த ஓட்டையில் மரம் இடித்து நிற்கும்.

பிசினுக்கு ரோசின் (பைன் மரப் பிசின்) 50 கிராம், கொட்டாங்குச்சிக் கரித்தூள் 15 கிராம், தேன்மெழுகு 5 கிராம். வெளிநாட்டு வீடியோக்களில் மெழுகை அள்ளிப் போடுவார்கள். குளிர்தேசத்தில் பிசின் நொறுங்காமல் இருக்க அது தேவை, நம் மே மாதத்துக்கு ஆகாது. மெழுகு கூடினால் மொட்டை மாடியிலும் நிறுத்திவைத்த காருக்குள்ளும் பிசின் இளகி முனை தானாகவே சாயும். ரோசின் பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளிலும், மெழுகு நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். ரோசினுக்குப் பதில் குங்கிலியம் போடலாமா என்றால், கால்பங்கு வரை கலக்கலாம். கடற்கரையில் மரப்படகின் சந்தை அடைக்க எண்ணெயோடு சேர்த்துப் பயன்பட்ட பொருள்தான் அது. தனியாகப் போட்டால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். கரியை மெல்லிய துணியில் சலித்துவிட்டுச் சேருங்கள். கட்டி இருந்தால் காடிக்குள் கல் உட்காராது.

உருக்குவது தகர டப்பாவில், டப்பா மணல் நிரப்பிய வாணலிக்குள். நேரடித் தீ வேண்டாம். ரோசின் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுங்கள். கொதிக்கவிட்டால் வாசனைச் சத்தெல்லாம் ஆவியாகிப் பிசின் வறண்டுபோகும், அப்புறம் எவ்வளவு மெழுகு போட்டாலும் பழைய பிடிப்பு வராது. குச்சியில் ஒரு சொட்டு எடுத்து எவர்சில்வர் தட்டில் விட்டு ஆறியதும் வளைத்துப் பாருங்கள். மெதுவாக வளைந்தால் சரி. பட்டென்று முறிந்தால் ஒரு கிராம் மெழுகு சேருங்கள், விரலில் ஒட்டினால் ரோசினும் கரியும் சேருங்கள்.

கல்லைச் சூடாக்காமல் பிசின் வைப்பதுதான் முனை அப்படியே கழன்று வருவதற்குப் பெரும்பாலும் காரணம். குளிர்ந்த கல்லைத் தொட்டதும் பிசின் தோல் கட்டிவிடும். பார்த்தால் ஒட்டியது போலத் தெரியும், உள்ளே பிடிப்பு இருக்காது. கையில் பிடிக்க முடியாத சூடு வரும்வரை கல்லின் அடியைச் சுடருக்கு மேலே தூக்கிக் காட்டுங்கள். கண்ணாடியாக இருந்தால் மிக மெதுவாக, இல்லாவிட்டால் வெடிக்கும். கண்ணாடியின் வழவழப்பிலும் பிசின் நிற்காது, காடிக்குள் போகும் பகுதியை முன்பே சொரசொரப்பாகத் தேய்த்துவிடுங்கள். காடிக்குள் பிசின் வைத்து, கல்லை அழுத்தித் தரையில் முட்டச் செய்து, பிசின் இளக்கமாக இருக்கும்போதே நேர் பாருங்கள். முனையை ஒரு கட்டையின் மேல் ஊன்றி அம்பைப் பம்பரம் போலச் சுழற்றினால் கோணல் உடனே கையில் தெரியும். கல்லின் தட்டை நாணுக்கு இணையாக வைப்பதா குறுக்கே வைப்பதா என்று மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். அம்பு பறக்கும்போது சுழல்கிறது, எப்படி வைத்தாலும் ஒன்றுதான்.

இனி கட்டு. நல்லது விலங்கின் தசைநாண். கறிக்கடையில் கால் நரம்பு என்று கேளுங்கள். ஆட்டுக்கால் நரம்பு குட்டையாக வரும், மாட்டின் பின்னங்கால் நரம்பு 20 செ.மீ.க்கு மேல் கிடைக்கும். சதையைச் சுரண்டி நிழலில் காயவிடுங்கள். வெயில் காலத்தில் ஒரு வாரம், எறும்பும் காக்கையும் அண்டாத இடமாகப் பார்த்துத் தொங்கவிட வேண்டும். கண்ணாடி போல மஞ்சளாகக் காய்ந்ததும் மரச் சுத்தியலால் தட்டினால் நார்நாராகப் பிரியும். இரும்புச் சுத்தியல் நாரை நறுக்கிவிடும். ஒரு மி.மீ. தடிமனுள்ள இழைகள் ஒரு அம்புக்கு மூன்று நான்கு வேண்டும். பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள். சூடு கூடினால் நரம்பு சுருண்டு ரப்பர் போல் ஆகிவிடும், அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

காடியின் தரைக்கு 12 மி.மீ. கீழே தொடங்குங்கள். இழையின் நுனியை அதன் மேலேயே மூன்று சுற்றுச் சுற்றி அடக்கி, அங்கிருந்து சாய்வாக மேலேறி ஒரு பக்க வெட்டுக்குள் போய், பின்புறமாகச் சாய்வாக இறங்கி, மறுபடி அடுத்த வெட்டுக்கு ஏறுங்கள். இரண்டு முகத்திலும் பெருக்கல் குறி தெரியும். நான்கு தடவை இப்படிப் போன பிறகு, காதுகள் தொடங்கி காடித் தரையையும் தாண்டி 10 மி.மீ. வரை நெருக்கமாகச் சுற்றி இறங்குங்கள். தண்டு பிளப்பதைத் தடுப்பது இந்தக் கீழ்ச்சுற்றுதான், கல்லைச் சுற்றியுள்ள பெருக்கல் குறி அல்ல. முடிச்சு வேண்டாம். ஈர நரம்பு அதன் பசையிலேயே ஒட்டும், நுனியை விரலால் நீவிவிட்டால் போதும். காயும்போது அதுவாகவே சுருங்கி இறுகும். நைலான் அப்படி இறுகாது, மாறாக மோதலில் நீண்டு கொடுக்கும். உங்கள் முனை கழன்றதில் அதற்கும் பங்கு உண்டு. சைவமாகவே வேண்டும் என்றால் மருள் நார் நல்லது, ஒருகாலத்தில் வில்நாணுக்கே பயன்பட்ட நார்தான். ஆனால் அது சுருங்காது. ஆகவே இளகிய பிசினில் தோய்த்துத் தோய்த்துக் கட்ட வேண்டும்.

ஈரப்பதம்தான் சென்னையில் பெரிய தொல்லை. காய்ந்த நரம்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தளரும். தச்சர்கள் சூடுபண்ணிப் பூசும் வச்சிரப் பசையும் அப்படியே. வறண்ட ஊரில் அருமையானது, இங்கே ஐப்பசி மழையில் இளகி நாறும். கட்டி முடித்ததும் மின்விசிறிக் காற்றில் ஒரு நாள், மழைக்காலமானால் மூன்று நாள் காயவிட்டு, நகத்தால் அழுத்தினால் பதியாத கெட்டி வந்த பிறகு ஷெல்லாக்கை (அரக்கு) ஸ்பிரிட்டில் கரைத்து மூன்று பூச்சுக் கொடுங்கள். ஈரம் உள்ளே இருக்கும்போதே பூசினால் கட்டு காயவே காயாது. ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கிடைத்த ஏறத்தாழ 5300 ஆண்டுப் பழைய மனிதன் ஓட்ஸியின் அம்பறாத்தூணியில் 14 அம்புகள் இருந்தன, இரண்டுக்கு மட்டுமே கல்முனை பொருத்தியிருந்தது. அவையும் பிர்ச் மரத் தாரில் பதித்து நூலால் கட்டப்பட்டவை. பிர்ச் தாருக்குத் தண்ணீர் ஒரு பொருட்டல்ல. நம்மிடம் அது இல்லாததால்தான் ஷெல்லாக்.

தேரி வகைச் சிறு கற்களுக்கு வருவோம். இரண்டு மூன்று செ.மீ. நீளமுள்ள பிறைவடிவக் குவார்ட்ஸ் துண்டுக்குக் கட்டே போட முடியாது. தண்டின் பக்கவாட்டில் 3 மி.மீ. ஆழத்துக்கு நீளப் பள்ளம் கீறி, அதில் பிசினை நிரப்பி, கல்லின் மழுங்கிய முதுகை உள்ளே பதிக்க வேண்டும். கூரான ஓரம் வெளியே. ஸ்வீடனின் லோஷுல்ட்டில் 1951இல் கிடைத்த அம்பில் நுனியில் ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாக இப்படித்தான் சிறு கற்கள் வெறும் பிசினில் நிற்கின்றன. இந்த முறையில் மட்டும் பிசினே சுமை தாங்குகிறது, ஆகவே இங்கே கரித்தூளை 20 கிராம் வரை கூட்டலாம். முதல் தடவை செய்கிறவர்களுக்கு உண்மையில் இதுதான் சுலபம்.

எய்யும்போது: தண்டு உங்கள் இழுப்பு நீளத்தைவிட 4 செ.மீ. நீளமாக இருக்கட்டும். முழுக்க இழுத்த நிலையில் கல்முனை வில்லைப் பிடித்த கையின் விரலுக்கு மேலே வந்துவிடக் கூடாது, எஃகு முனையைவிட இது மோசமாகக் கிழிக்கும். வில்வித்தைக் கிளப் இலக்குகளில் இதை எய்ய விடமாட்டார்கள். இறுகக் கட்டிய வைக்கோல், 40 செ.மீ. தடிமன், பின்னால் மண்மேடு அல்லது சுவர், ஆள் நடமாட்டம் இல்லாத சொந்த இடம் வேண்டும். எய்த அம்பைப் பின்னால் இழுக்காதீர்கள், கல்லின் தோள் வைக்கோலில் மாட்டிக் கட்டு அவிழும். வைக்கோலைக் கையால் பிரித்து முன்பக்கமாகத் தள்ளி எடுங்கள். உடைந்த சில்லு உள்ளேயே கிடக்கும், தோல் கையுறை இல்லாமல் கைவிட வேண்டாம்.

ஒவ்வொரு தடவை எய்த பிறகும் முனையைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் பிசின் விட்டிருக்கிறது: சுடரில் காட்டி இளக்கி, அழுத்தி, ஆறவிட்டால் சரியாகும், நரம்புக்குச் சூடு ஏறாமல் அதன் மேல் ஈரத்துணி சுற்றிக்கொள்ளுங்கள். முன்பின்னாக ஆடினால் காடித் தரை நசுங்கியிருக்கிறது. அதற்கு ஒட்டுவேலை பார்க்காதீர்கள், முன்தண்டில் 12 மி.மீ. அறுத்துத் தள்ளிவிட்டுப் புதுக் காடி வெட்டுங்கள். கழுத்தில் முறிந்த கல்லைச் சுருக்கித் திரும்பச் செதுக்கிப் பயன்படுத்தலாம், அடி 4 மி.மீ.க்குள் நிற்கும்வரை.